தோட்டாத் தட்டுப்பாட்டில் மான் வேட்டைக் குண்டுத் தெரிவு

தோட்டாத் தட்டுப்பாட்டில் மான் வேட்டைக் குண்டுத் தெரிவு என்பது, வழக்கமாகப் பயன்படுத்தும் தோட்டா கடைகளில் கிடைக்காத காலத்தில், கிடைப்பவற்றுள் எது மானை விரைவாக வீழ்த்தும் என்று வேட்டைக்காரர் ஆராய்ந்து முடிவு செய்யும் முறையைக் குறிக்கும். ஐக்கிய அமெரிக்காவில் 2008-09, 2012-13, 2020-22 ஆகிய காலப்பகுதிகளில் ஏற்பட்ட தட்டுப்பாடுகளின்போது இது பரவலான சிக்கலாக உருவெடுத்தது. அந்நாட்டில் மிகுதியாக வேட்டையாடப்படும் பெருவிலங்கு வெள்ளைவால் மான் ஆகும். மேற்கு மாநிலங்களில் மியூல் மானும் வேட்டையாடப்படுகிறது. பொருந்தாத குண்டால் அடிபட்ட மான் உடனே இறவாமல் காட்டுக்குள் ஓடி, பல மணி நேரமோ பல நாட்களோ துன்புற்று மடியக்கூடும். அதன் இறைச்சியும் எவருக்கும் பயன்படாமல் போகும். ஆகவே "கிடைத்ததை வாங்குவோம்" என்பது இங்கு போதுமான விடையன்று.

சொற்பொருள்

தோட்டா, குண்டு ஆகிய இரு சொற்களும் பேச்சுவழக்கில் ஒன்றுபோல் வழங்குகின்றன. இலங்கை வழக்கில் சன்னம், ரவை ஆகிய சொற்களும் உண்டு. இக்கட்டுரையில் தோட்டா என்பது பித்தளைக் கூடு, எரிதூண்டியாகிய பிரைமர், வெடிமருந்து, குண்டு ஆகிய நான்கும் சேர்ந்த முழுப்பொருளைக் குறிக்கும். குண்டு என்பது குழலிலிருந்து வெளியேறி இலக்கை அடையும் உலோகத் துண்டை மட்டும் குறிக்கும். ஒரே வகைத் தோட்டாவில் பலவகைக் குண்டுகள் பொருத்தப்பட்டு விற்கப்படுவதால் இவ்வேறுபாடு இன்றியமையாதது. எடுத்துக்காட்டாக, .308 வின்செஸ்டர் என்பது தோட்டாவின் பெயர். அதில் மானுக்கு ஏற்ற குண்டும் இருக்கலாம், காகித இலக்குக்கு மட்டுமே ஏற்ற குண்டும் இருக்கலாம். இரண்டும் ஒரே துப்பாக்கியில் சுடப்படக்கூடியவை.

குண்டின் எடை கிரெயின் என்னும் பழைய அலகில் அளக்கப்படுகிறது. ஒரு பவுண்டு 7,000 கிரெயின் ஆகும். எனவே 150 கிரெயின் குண்டு ஏறத்தாழ 9.7 கிராம் எடையுள்ளது.

தட்டுப்பாட்டின் பின்னணி

மூன்று தட்டுப்பாடுகளுக்கும் பொதுவான காரணம் அச்சத்தால் எழுந்த வாங்குதல் ஆகும். 2008 இல் பராக் ஒபாமா குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டபோதும், 2012 டிசம்பரில் கனெக்டிகட் மாநிலத்தின் சாண்டி ஹூக் தொடக்கப்பள்ளியில் நடந்த படுகொலைக்குப் பின்னரும், துப்பாக்கிச் சட்டங்கள் கடுமையாகும் என்று எண்ணிய மக்கள் தோட்டாக்களை வாங்கிக் குவித்தனர். 2020 இல் கொரோனாப் பெருந்தொற்று, நகரங்களில் நிகழ்ந்த கலவரங்கள், குடியரசுத் தலைவர் தேர்தல் ஆகிய மூன்றும் ஒருங்கே வந்தன. துப்பாக்கி வாங்குவோரின் பின்னணியைச் சரிபார்க்கும் நடுவண் அமைப்பு 2019 இல் ஏறத்தாழ 2.84 கோடிச் சரிபார்ப்புகளையும், 2020 இல் ஏறத்தாழ 3.97 கோடிச் சரிபார்ப்புகளையும் செய்தது. புதிதாகத் துப்பாக்கி வாங்கியவர் ஒவ்வொருவருக்கும் தோட்டாவும் தேவைப்பட்டது.

வழங்கல் பக்கத்திலும் தடங்கல் இருந்தது. ரெமிங்டன் நிறுவனம் 2020 சூலையில் திவால் மனு அளித்தது. ஆர்கன்சா மாநிலத்தின் லோனோக் நகரில் உள்ள அதன் தோட்டாத் தொழிற்சாலையை அதே ஆண்டு அக்டோபரில் விஸ்டா அவுட்டோர் நிறுவனம் வாங்கியது. பிரைமர்களைப் பெருமளவில் உற்பத்தி செய்வோர் அந்நாட்டில் மிகச் சிலரே. சிசிஐ, ஃபெடரல், வின்செஸ்டர், ரெமிங்டன் ஆகிய பெயர்களில் அவை வெளிவருகின்றன. பித்தளையும் ஈயமும் இருந்தாலும் பிரைமர் இல்லையேல் தோட்டா இல்லை.

வேட்டைக்காரரைப் பாதித்தது இதன் இன்னொரு விளைவாகும். தொழிற்சாலைகள் தேவை மிகுந்த 9 மி.மீ. கைத்துப்பாக்கித் தோட்டாவுக்கும் .223 ரெமிங்டன் தோட்டாவுக்கும் முதலிடம் அளித்தன. .30-30 வின்செஸ்டர், .243 வின்செஸ்டர், .35 ரெமிங்டன் போன்ற வேட்டைத் தோட்டாக்கள் ஆண்டில் சில தடவைகள் மட்டும், சிறு தொகுதிகளாகச் செய்யப்படுபவை. அவற்றின் முறை வருவது தள்ளிப்போனது. அதனால் தற்காப்புக்காக வாங்கியோரின் அச்சம், பாட்டன் காலத்து லீவர் துப்பாக்கியுடன் ஆண்டுக்கு ஒரு மான் சுடும் கிராமத்தாரின் மேல் வந்து விழுந்தது. கடைகள் ஒருவருக்கு ஒன்று அல்லது இரண்டு பெட்டிகள் என்று அளவு வைத்தன.

உண்மையில் மான் வேட்டைக்குத் தேவைப்படும் தோட்டாக்கள் மிகக் குறைவு. குறியைச் சரிபார்க்க மூன்று முதல் ஐந்து, மானுக்கு ஒன்று அல்லது இரண்டு என்று கொண்டால், 20 தோட்டாக்கள் கொண்ட ஒரு பெட்டி இரண்டு அல்லது மூன்று வேட்டைப் பருவங்களுக்குப் போதும்.

மானின் உடலும் குண்டின் வேலையும்

மான் தடித்த தோலோ பெருத்த எலும்போ உடைய விலங்கன்று. முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னே இதயமும் நுரையீரல்களும் அமைந்துள்ள பகுதி ஏறத்தாழ 20 செ.மீ. விட்டமுள்ள வட்டத்துக்குள் அடங்கும். அவ்விடத்தில் நுழைந்து, விரிந்து, மறுபக்கம் வெளியேறும் குண்டு சில நொடிகளிலேயே மானை வீழ்த்துகிறது. விரிதல் என்பது குண்டின் முனை பின்னோக்கி மடிந்து காளான் போல் அகலுவதாகும். நன்கு விரிந்த குண்டின் விட்டம் தொடக்க விட்டத்தைப்போல ஒன்றரை முதல் இரண்டு மடங்கு வரை பெருகும். வெளியேறும் துளை இருப்பின் குருதித் தடம் தெளிவாக விழும். மான் ஓடினாலும் அத்தடத்தைப் பின்பற்றிக் கண்டுபிடிக்கலாம்.

தட்டுப்பாட்டுக் காலத்தில் இந்த 20 செ.மீ. என்னும் அளவு பெரிய ஆறுதல் ஆகும். நூறு மீட்டரில் 3 செ.மீ. வட்டத்துக்குள் குழுமும் விலையுயர்ந்த தோட்டாவுக்கும், 7 செ.மீ. வட்டத்துக்குள் குழுமும் சாதாரணத் தோட்டாவுக்கும் உள்ள வேறுபாட்டை 150 மீட்டருக்குள் நிற்கும் மான் உணராது. கிழக்கு மாநிலங்களின் காடுகளில் பெரும்பாலான மான்கள் இத்தொலைவுக்குள்ளேயே சுடப்படுகின்றன. விரும்பிய வணிகப் பெயர் கிடைக்கவில்லை என்பதற்காக வேட்டையைக் கைவிடுவோரின் கவலை பெரும்பாலும் தேவையற்றது. கவலை கொள்ள வேண்டியது குண்டின் அமைப்பைப் பற்றியே.

குண்டு வகைகள்

மென்முனைக் குண்டு என்பது ஈயக் கருவைச் செப்புக் கலவை உறை மூடியிருக்க, முனையில் மட்டும் ஈயம் வெளித்தெரியும் அமைப்பாகும். 1939 இல் அறிமுகமான ரெமிங்டன் கோர்-லாக்ட் இவ்வகையின் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. வின்செஸ்டர் பவர்-பாயின்ட், ஃபெடரல் பவர்-ஷாக், ஹார்னடி இன்டர்லாக் ஆகியனவும் இவ்வகையைச் சேர்ந்தவை. இவை மலிவானவை, மானுக்கு முற்றிலும் போதுமானவை. ஒன்று இல்லாவிடில் மற்றொன்றை எவ்விதத் தயக்கமுமின்றி எடுத்துக்கொள்ளலாம். ஒரே எடையில் இவற்றிடையே உள்ள வேறுபாட்டை இறந்த மானின் உடலைப் பார்த்துக் கண்டறிவது அரிது.

இதற்கு மேற்பட்ட நிலையில் உள்ளவை பிணைப்புக் குண்டுகளும் தடுப்புக் குண்டுகளும் ஆகும். ஜான் நாஸ்லர் என்பவர் 1946 இல் கனடாவின் பிரிட்டிசு கொலம்பியாவில் மூஸ் வேட்டையின்போது, தம் குண்டுகள் அவ்விலங்கின் உடலுக்குள் ஆழமாகச் செல்லாமல் சிதைந்ததைக் கண்டார். குண்டின் நடுவே ஒரு செப்புத் தடுப்பை அமைத்து, முன்பகுதி விரிந்தாலும் பின்பகுதி சிதையாமல் ஊடுருவும்படி செய்தார். 1948 முதல் நாஸ்லர் பார்ட்டிஷன் என்ற பெயரில் அது விற்கப்படுகிறது. பிணைப்புக் குண்டில் ஈயமும் உறையும் பிரியாதவாறு ஒட்டவைக்கப்பட்டுள்ளன. இவை எல்க், மூஸ் போன்ற பெருவிலங்குகளை நோக்கிச் செய்யப்பட்டவை. மானுக்கு அவை தேவையில்லை எனினும் தீங்கும் இல்லை. தட்டுப்பாட்டில் மலிவான பெட்டி தீர்ந்து விலையுயர்ந்த பெட்டி மட்டும் எஞ்சியிருப்பது உண்டு. அப்போது அதை வாங்குவதில் பணம் மட்டுமே கூடுதலாகச் செலவாகும்.

முழுச் செப்புக் குண்டில் ஈயமே இல்லை. முனையில் உள்ள குழிவு அதை இதழ்களாக விரியச் செய்கிறது. பார்ன்ஸ் நிறுவனம் இவ்வகையில் முன்னோடி. ஈயத்தின் அடர்த்தி 11.3 ஆக இருக்கச் செம்பின் அடர்த்தி 8.96 மட்டுமே என்பதால், ஒரே எடைக்குச் செப்புக் குண்டு நீளமாக அமையும். நீண்ட குண்டு காற்றில் நிலையாகச் சுழல, குழலின் உட்புறச் சுருள்வரிகள் நெருக்கமாக இருக்க வேண்டும். அதனால் 150 கிரெயின் ஈயக் குண்டு சுட்டவர் செம்புக்கு மாறும்போது 130 கிரெயினைத் தேர்வது நல்லது. செம்பு கடினமானது ஆகையால் விரிவதற்கு வேகம் மிகுதியாகத் தேவை. எடை குறைந்து வேகம் கூடுவது இதற்கும் உதவும்.

எஞ்சிய மூன்று வகைகள் தட்டுப்பாட்டுக் காலத்தில்தான் சிக்கலை உண்டாக்குகின்றன. ஏனெனில் மற்றவை தீர்ந்த பின்னும் கடைத் தட்டில் இவை இருக்கக்கூடும்.

முதலாவது முழு உறைக் குண்டு. இதன் முனையும் உறையால் மூடப்பட்டிருப்பதால் இது விரிவதில்லை. மானின் உடலில் சிறு துளையிட்டு மறுபக்கம் சென்றுவிடும். மான் நெடுந்தொலைவு ஓடி மறைந்து பின்னர் இறக்கும். பல மாநிலங்களில் மான் வேட்டைக்கு இது தடைசெய்யப்பட்டுள்ளது. போருக்கும் வேட்டைக்கும் உள்ள முரண்பாடு இங்கு வியப்புக்குரியது. 1890களில் கல்கத்தாவுக்கு அருகில் தம் தம் என்னும் இடத்திலிருந்த படைக்கலத் தொழிற்சாலையில் பிரித்தானிய இந்தியப் படைக்காக விரியும் குண்டுகள் செய்யப்பட்டன. அவை கொடியவை என்ற எதிர்ப்பு எழுந்து, 1899 ஆம் ஆண்டின் ஹேக் பிரகடனம் போரில் விரியும் குண்டுகளைத் தடை செய்தது. மனிதரைக் காயப்படுத்துவதோடு நிற்க வேண்டும் என்பது போர் விதி. விலங்கைக் காயத்தோடு விடக்கூடாது என்பது வேட்டை விதி. ஆகவே ஒன்றில் விலக்கப்பட்டது மற்றொன்றில் கட்டாயமாகியுள்ளது.

முழு உறைக் குண்டின் முனையை அரத்தால் தேய்த்து ஈயத்தை வெளிப்படுத்தலாம் என்ற அறிவுரை அவ்வப்போது கேட்கப்படுகிறது. இது ஆபத்தானது. பெரும்பாலான முழு உறைக் குண்டுகளின் அடிப்பகுதி திறந்திருப்பதால், முனையும் திறக்கப்பட்டால் ஈயம் மட்டும் வெளியேறி, உறை குழலுக்குள் தங்கிவிடலாம். அடுத்த குண்டு சுடப்படும்போது குழல் வெடிக்கும்.

இரண்டாவது போட்டிக் குண்டு. துல்லியத்துக்காகச் செய்யப்பட்ட இதன் முனையில் சிறு துளை இருப்பதால், விரியும் குண்டு என்று தவறாக எண்ணப்படுகிறது. அத்துளை உற்பத்தி முறையின் விளைவே. இக்குண்டு சில வேளை விரியாமல் ஊடுருவும், சில வேளை சிதறும். எப்போது எது நிகழும் என்று முன்கூட்டிக் கூற இயலாது.

மூன்றாவது சிறுவிலங்குக் குண்டு. நரி, தரை அணில் போன்றவற்றுக்காகச் செய்யப்பட்ட இது மெல்லிய உறையுடன் மிக வேகமாகச் சென்று, பட்டவுடன் தூளாகிறது. .243 வின்செஸ்டரில் 55 அல்லது 58 கிரெயின் எடையில் கிடைப்பது இவ்வகையே. மானின் தோள் எலும்பில் பட்டால் மேற்பரப்பில் பெரிய புண்ணை உண்டாக்கி, உள்ளே செல்லாமல் நின்றுவிடும். மூன்றனுள் மிகக் கொடிய விளைவு இதனுடையது. .243 வைத்திருப்போர் மானுக்கு 90 முதல் 100 கிரெயின் வரையிலான குண்டையே தேட வேண்டும்.

எடையும் வேகமும்

எடை பற்றிய தேர்வில் வேட்டைக்காரருக்குப் பரந்த இடம் உண்டு. .30-06 ஸ்பிரிங்ஃபீல்டில் 150 கிரெயின் குண்டு நொடிக்கு ஏறத்தாழ 885 மீட்டர் வேகத்திலும், 180 கிரெயின் குண்டு ஏறத்தாழ 820 மீட்டர் வேகத்திலும் புறப்படுகின்றன. முன்னதே மானுக்கு வழக்கமானது. பின்னது எல்க்குக்கு விரும்பப்படுவது எனினும் மானுக்கும் நன்கு பயன்படும். .270 வின்செஸ்டரில் 130, 140, 150 கிரெயின்களும், .308 வின்செஸ்டரில் 150, 165, 180 கிரெயின்களும் இவ்வாறே ஒன்றுக்கொன்று மாற்றாகக் கூடியவை.

ஆனால் குண்டின் விட்டம் ஒன்றாக இருப்பதாலேயே அதன் அமைப்பும் ஒன்று எனக் கொள்ளலாகாது. .30-30 தோட்டாவின் 170 கிரெயின் குண்டு நொடிக்கு ஏறத்தாழ 670 மீட்டர் வேகத்தில் புறப்படுவதால், குறைந்த வேகத்திலும் விரியும்படி மென்மையாகச் செய்யப்பட்டுள்ளது. அதையே .300 வின்செஸ்டர் மேக்னம் தோட்டாவில் பொருத்திச் சுட்டால் சிதறிவிடும். மாறாக, மேக்னத்துக்கான கடினக் குண்டு .30-30 இல் விரியாமலே போகலாம். சொந்தமாகத் தோட்டா நிரப்புவோர் இதில் கவனம் கொள்வது அவசியம்.

.30-30 துப்பாக்கிகள் பலவற்றில் தோட்டாக்கள் குழலுக்கடியில் உள்ள நீள்குழாயில் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கப்படுகின்றன. ஒரு தோட்டாவின் முனை முன்னுள்ள தோட்டாவின் பிரைமரைத் தொட்டிருக்கும். கூர்முனைக் குண்டு இருப்பின் சுடும்போது ஏற்படும் அதிர்ச்சியில் அது பிரைமரைக் குத்தி வெடிக்கச் செய்யக்கூடும். எனவே தட்டையான அல்லது மழுங்கிய முனையுள்ள குண்டே இவற்றுக்கு ஏற்றது. ஹார்னடி நிறுவனத்தின் லெவரெவல்யூஷன் வகையில் முனை கூராக இருந்தாலும், நெகிழும் பொருளால் ஆனதால் இவ்விடர் இல்லை.

மாற்றுத் தோட்டாவின் குறி

தோட்டாவை மாற்றினால் குண்டு படும் இடமும் மாறும். ஒரே எடையாக இருப்பினும் நிறுவனம் மாறினால் நூறு மீட்டரில் சில சென்டிமீட்டர் விலகல் இயல்பு. ஆகவே புதிய பெட்டியிலிருந்து மூன்று தோட்டாக்களையேனும் இலக்கில் சுட்டு, தொலைநோக்கியைச் சரிசெய்த பின்னரே காட்டுக்குச் செல்ல வேண்டும். கிடைத்தற்கரிய தோட்டாவை இலக்கில் செலவிடுவது வீண் என்று கருதி இதைத் தவிர்ப்போர் உண்டு. மானைக் காயப்படுத்துவதற்கு இதைவிட எளிய வழி வேறில்லை.

செலவைக் குறைக்க வழிகள் உள்ளன. முதல் தோட்டாவை 25 மீட்டரில் சுட்டுத் தோராயமாகச் சரிசெய்துகொண்டு, பின்னர் நூறு மீட்டருக்குச் செல்லலாம். .308 இல் 150 கிரெயின் குண்டு நூறு மீட்டரில் 5 செ.மீ. மேலே படும்படி அமைத்தால், 200 மீட்டர் வரை குறியை மாற்றாமலே சுடலாம். விசையை இழுக்கும் பயிற்சிக்கு வெற்றுத் துப்பாக்கியோ .22 ரிம்ஃபயர் துப்பாக்கியோ போதும். பல ஆண்டுகளாக எஞ்சிய வெவ்வேறு பெட்டித் தோட்டாக்களைக் கலந்து எடுத்துச் செல்வது தவறு. ஒவ்வொன்றும் ஒவ்வோரிடத்தில் படும்.

ஒருபோதும் செய்யத்தகாதவை

தோட்டாவின் அடியில் பொறிக்கப்பட்டுள்ள பெயரும் துப்பாக்கிக் குழலில் பொறிக்கப்பட்டுள்ள பெயரும் முற்றிலும் பொருந்த வேண்டும். அளவில் நெருங்கியது என்பது போதாது. .300 பிளாக்அவுட் தோட்டா .223 ரெமிங்டன் துப்பாக்கியின் அறைக்குள் நுழைந்துவிடும். ஆனால் அதன் குண்டு அக்குழலைவிடப் பெரியது. சுட்டால் துப்பாக்கி சிதறும். .308 தோட்டாவை .30-06 துப்பாக்கியில் சுடுவதும் இத்தகைய ஆபத்தே.

சொந்தமாக நிரப்புதல் தட்டுப்பாட்டுக்கு விடை என்று கருதப்பட்டாலும், 2020-22 இல் பிரைமரும் வெடிமருந்தும் தோட்டாவைவிட அரிதாயின. ஏற்கெனவே சேமித்து வைத்திருந்தவருக்கே அது பயன்பட்டது. கையேட்டில் குறிக்கப்பட்ட மருந்து இல்லாதபோது அதுபோன்ற வேறொன்றை அதே அளவில் இடுவது அழுத்தத்தை அளவு கடந்து உயர்த்தும். ரைபிள் பிரைமருக்குப் பதிலாகக் கைத்துப்பாக்கிப் பிரைமரை இடுவதும் கூடாது. பெரிய அளவில் இவ்விரண்டின் உயரமும் வேறுபட்டது.

சட்ட வரம்புகள்

விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகின்றன. தட்டுப்பாடு அவற்றைத் தளர்த்துவதில்லை. கொலராடோவில் மான் வேட்டைக்குக் குறைந்தது .24 அங்குல விட்டமும், 70 கிரெயின் எடையும், நூறு கெச தூரத்தில் 1,000 அடி-பவுண்டு ஆற்றலும் உள்ள விரியும் குண்டு தேவை. வர்ஜீனியாவில் .23 அங்குலத்துக்குக் குறைந்த விட்டம் அனுமதிக்கப்படுவதில்லை. எனவே இவ்விரு மாநிலங்களிலும் .223 ரெமிங்டனைப் பயன்படுத்த இயலாது. டெக்சாசில் அது சட்டத்துக்கு உட்பட்டது. எனினும் அங்கும் 55 கிரெயின் முழு உறைக் குண்டைத் தவிர்த்து, மானுக்கெனச் செய்யப்பட்ட 60 கிரெயினுக்கு மேற்பட்ட குண்டைத் தேர்ந்து, குறுகிய தொலைவில் மட்டும் சுடுவதே முறை.

சமவெளியும் பண்ணைகளும் மிகுந்த நடுமேற்கு மாநிலங்கள் சிலவற்றில் ரைபிள் வேட்டை நெடுங்காலம் தடைப்பட்டிருந்தது. ஷாட்கன்னில் இடப்படும் ஒற்றைக் குண்டுத் தோட்டாவே அங்கு வழக்கம். 2010களில் ஒகையோ, மிச்சிகன், அயோவா ஆகிய மாநிலங்கள் நேர்ச்சுவர்த் தோட்டாக்களையும் அனுமதித்தன. அவற்றுக்கெனவே வின்செஸ்டர் நிறுவனம் 2019 இல் .350 லெஜண்ட் தோட்டாவை வெளியிட்டது. அடுத்த ஆண்டே தட்டுப்பாடு தொடங்கியது. ரைபிள் தோட்டா கிடைக்காத மாநிலங்களில் ஷாட்கன் ஒற்றைக் குண்டு ஒரு நல்ல மாற்றாகும். 75 மீட்டருக்குள் அதன் ஆற்றல் ஐயத்துக்கு இடமற்றது. வாய்வழி நிரப்பும் துப்பாக்கி மற்றொரு வழி. ஆயினும் அவற்றுள் பலவற்றுக்குத் தேவையான 209 எண் பிரைமரும் அக்காலத்தில் அரிதாகவே இருந்தது.

கலிபோர்னியாவில் நிலைமை தனித்தன்மையானது. ஈயக் குண்டுச் சிதறல்களை உண்டு இறந்த கலிபோர்னியா காண்டோர் கழுகுகளைக் காக்க 2008 முதல் அவற்றின் வாழிடத்திலும், 2019 சூலை 1 முதல் மாநிலம் முழுவதிலும் வேட்டைக்கு ஈயம் தடைசெய்யப்பட்டது. அதனால் அங்கு மலிவான மென்முனைக் குண்டு கிடைத்தாலும் பயனில்லை. செப்புக் குண்டு கிடைக்கும் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. ஈயச் சிதறல் மனிதருக்கும் பொருந்தும் செய்தியே. 2008 இல் வட டகோட்டா மாநிலத்தில், நன்கொடையாக வந்த மான் இறைச்சியில் ஈயத் துகள்கள் காணப்பட்டதால், அதை ஏழைகளுக்கு வழங்க வேண்டாம் என்று உணவு வழங்கும் நிலையங்களுக்கு அறிவுறுத்தப்பட்டது. விரைவாகச் செல்லும் மெல்லுறைக் குண்டுகளே மிகுதியாகச் சிதறுகின்றன. பிணைப்புக் குண்டில் சிதறல் குறைவு, செம்பில் ஈயம் அறவே இல்லை. எக்குண்டாயினும் காயத்தைச் சுற்றியுள்ள சதையைத் தாராளமாக வெட்டி அகற்றுவது வழக்கமாகியுள்ளது.